வெள்ளை விளக்கில் நின்ற கோடு

போன வாரம் பாலக்காட்டில் ஒரு ராவுத்தர் கடையில் போனுக்குக் கண்ணாடி ஒட்டக் கொடுத்தேன். அவர் கட்டைவிரலால் அழுத்த, அடியில் வானவில் வளையங்கள் ஓடின. "பாய், அசைக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். "காத்துக்குமிழுக்கா இந்தச் சத்தம்? நெஞ்சுவலின்னுல்ல நெனச்சேன்," என்றார்.

அவரிடம் என்னத்தைச் சொல்ல? அந்த நிறங்களை நம்பித்தான் கொஞ்ச காலம் சோறு தின்றேன். உங்களிடம் சொல்லலாம்.

முதலமடையில் மாந்தோப்புக்கு நடுவே, ரோட்டோரம் ஒரு ஷெட். தொலைநோக்கிக் கண்ணாடி தேய்க்கிற சின்னப் பட்டறை. முதலாளி, நான், மூணாறுப் பக்கம் மாட்டுப்பட்டி தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்த பொன்னுத்தாய். மொத்தம் அவ்வளவுதான். வெள்ளை விளக்கின் ஒளியை ஒரு கருவியில் இரண்டாகப் பிரிப்போம். ஒன்று குறையில்லாத கண்ணாடிக்கு, மற்றது நாங்கள் தேய்த்ததற்கு. இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம் போய்த் திரும்பினால்தான் வண்ணக் கோடுகள் தெரியும். லேசர் தாராள மனசுக்காரன், முன்னேபின்னே இருந்தாலும் கோடு காட்டுவான். வெள்ளை விளக்கு என் மாமனார் மாதிரி, மயிரிழை பிசகினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கோடு வளைந்தால் ஒளியின் அலைமுகப்பு அங்கே நெளிந்திருக்கிறது, கண்ணாடியில் மேடுபள்ளம். நேராக நின்றால் நல்ல கண்ணாடி.

நான் கோட்டைக் கண்டுபிடித்ததைவிடத் தும்மித் தொலைத்ததுதான் அதிகம். "அண்ணே, மூக்கப் பொத்திக்கிட்டு உள்ள வாங்க," என்பாள் பொன்னுத்தாய். மாங்காய் லாரி வந்தால் தரை அதிரும், கோடு துடிக்கும். அதனால் சீசனில் நான் சிவப்புத் துண்டோடு ரோட்டில் நிற்பேன். டிரைவர்கள் இரக்கப்பட்டுக் கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்துவார்கள். என் விஞ்ஞானப் பதவி அதுதான்.

கடைசி ஆர்டரைப் பார்க்கக் கொச்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கோட்டை அவர் கண்ணால் பார்த்து, அவர் கேமராவில் எடுத்தால்தான் செல்லும். இதுவும் போனால் ஷெட்டுக்குப் பூட்டு என்று முதலாளி சொல்லியிருந்தார். "பூட்டுனா நான் மறுபடி கொழுந்து கிள்ளத்தான் போவணும்ண்ணே," என்றாள் பொன்னுத்தாய். அவள் சிரிக்காமல் பேசி அன்றுதான் பார்த்தேன்.

அன்றைக்கென்று லாரிக்குமேல் லாரி. கண்ணாடிமேல் சந்தேகமே இல்லை, கோடுதான் நிற்கவில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் துண்டோடு ஓடி ரோட்டுக்கு நடுவே நின்றேன்.

"ஏனுங்க, உங்க கண்ணாடிக்காவ என்ற மாங்கா அழுகோணுமாக்கும்?" என்றார் முதல் டிரைவர். நான் கையெடுத்துக் கும்பிட்டேன், கெஞ்சினேன், கத்தினேன். ஒருவழியாக எல்லா எஞ்சினும் அடங்கின. வெற்றியோடு திரும்பினால், எனக்குப் பின்னால் அதிகாரி நிற்கிறார். தோளில் கேமராப் பை.

"எந்தா பிரச்னம்?" என்றார். என் கூச்சல் கேட்டு எழுந்து வந்திருக்கிறார்.

உள்ளே ஓடுவதற்குள் பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்துக் கிளம்பிவிட்டன. பொன்னுத்தாய் கண்ணைக் கருவியிலிருந்து எடுக்காமலே சொன்னாள்: "நின்னுச்சுண்ணே. நேரா நின்னுச்சு. நான் பாத்தேன்."

அவள் பார்த்தது செல்லாதே. அதிகாரி மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

ஷெட் இருந்த இடத்தில் இப்போது பெட்ரோல் பங்க். முதலாளி இல்லை. அந்தக் கண்ணாடி என்னவாயிற்றென்று யாருக்கும் தெரியவில்லை. பொன்னுத்தாய் கொழுந்து கிள்ளப் போகவில்லை, மூணாறில் ஒரு ஹோட்டலில் ரூம் துடைக்கிறாள். போன மாதம் போனில் கேட்டேன்: "அன்னைக்கு நின்ன கோடு என்ன நிறம், தாயி?"

அந்தப் பக்கம் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம்.

"எந்தக் கோடுண்ணே?" என்றாள்.