அரம் பட்ட கால்கள்

மின்னணு போர்டில் ஒவ்வொரு பாகத்தின் கால்களும் போய் உட்கார ஓட்டை, அதைச் சுற்றிச் செம்பு என்று கணினியில் வரைவதுதான் என் வேலை. ஃபுட்பிரிண்ட் என்போம். சாதாரணக் கால் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடலாம். எனக்கென்னவோ கோணல் கால்கள்தான் வந்து வாய்க்கும்.

செவிலிமேட்டுப் பட்டறையில் நான் சேர்ந்த முதல் மாதம் ஒரு பெரிய சுவிட்ச் வந்தது. ஆறு கால்களும் தட்டை. நுனியில் குறுகி, கழுத்தில் அகன்று, நடுவில் ஒரு சின்ன முறுக்கு வேறு. நுனியை மட்டும் அளந்தேன், ஓட்டையை வரைந்தேன், அனுப்பிவிட்டேன். வீட்டில் என்னை அவசரக்குடுக்கை என்று சும்மாவா சொல்கிறார்கள்!

போர்டுகள் தயாராகி வந்தன. அவற்றில் பாகங்களைப் பொருத்தி ஈயம் வைக்கும் அக்கா, பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். தறியில் பாவு நூலைப் பிணைத்துப் பழகிய விரல்கள். வாயே திறக்காமல் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தார்.

இரண்டே வாரத்தில் பாதி போர்டுகள் திரும்பி வந்தன. ஈயம் பிடிக்காமல் சுவிட்சுகள் ஆடின. கால்களின் கழுத்தில் அரத்தால் தேய்த்த தடம். மேல்பூச்சு போய்விட்டால் ஈயம் எப்படி ஒட்டும்? முதலாளி கொதித்துப்போனார்.

"யாரைக் கேட்டுமா அராவுன? நாளையிலேர்ந்து வேலைக்கு வராத."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

நான் என் மேஜைக்கு வந்து, இந்த முறை கழுத்தை அளந்தேன். என் ஓட்டையைவிட அரை மில்லிமீட்டர் அகலம். அராவாமல் அது உள்ளே போயிருக்கவே முடியாது.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை போய்விடுமே என்று மத்தியானம் முழுக்கத் திரையை வெறித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அக்கா சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டு, தன் மேஜையைத் துடைத்து வைத்ததைப் பார்த்த பிறகுதான் எழுந்தேன். முதலாளியிடம் அளவைக் காட்டி, "தப்பு என்னோடது சார்" என்றேன். என்னை வறுத்தெடுத்தார். பிறகு அக்காவிடம் போய், முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு வந்துடும்மா" என்றார்.

வாசலில் அக்காவைப் பிடித்தேன். "ஓட்டை பத்தலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா?"

"மொத போர்டுலயே தெரிஞ்சிடுச்சுமா. ஊட்டுல தறியில எது முட்டிக்கினாலும் நாமளேதான் சரி பண்ணிக்கினு போவோம், அந்தப் பழக்கத்துல அராவிட்டேன். அதுவுமில்லாம நீ புதுசா வந்த பொண்ணு. சொன்னா உன் வேலைக்கு எதுனா ஆயிடுமோன்னு பயமா இருந்துச்சு."

"இன்னிக்கு அவர் திட்டும்போதாவது சொல்லியிருக்கலாமே?"

"இன்னிக்கும் நீ புதுசுதானேமா."

மறுநாள் அக்கா வேலைக்கு வந்தார்; அன்றே புது ஃபுட்பிரிண்ட் வரைந்து முடித்தேன். ஆனால் உண்மை தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த மத்தியானத்தைப் பற்றி அக்காவிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.