எண்ணெயும் என் பெருங்குடலும்

எனக்குப் பெருங்குடலில் புண். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் செல்களே சொந்தக் குடலோடு சண்டை போடுகிற வியாதி. மயிலாப்பூரில் எந்த ஓட்டலில் காபி நன்றாக இருக்கும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எந்த ஓட்டலில் ஒன்றும் வாங்காதவனையும் பின்பக்கக் கழிப்பறைக்குப் போக விடுவார்கள் என்று நான் சொல்வேன். கணக்கு வாத்தியார் வேலை. பாதி வகுப்பில் சாக்பீஸை வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். பிள்ளைகள் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

என் மனைவிக்கு அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. எலிக் குடலிலிருந்து எதிர்ப்புச் செல்களை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்து, கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த பொருட்களை விட்டுப் பார்ப்பாள். ஒரு நாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே சொன்னாள். "செல்லெல்லாம் அடங்கிடுத்து. சண்டையே போடலை." அவள் முகம் அப்படி மலர்ந்து பார்த்து நாளாகியிருந்தது.

நான் விடுவேனா? ஆயுர்வேத வைத்தியரிடம் முறையாகச் சீட்டு எழுதி வாங்கி, அந்தக் கஞ்சா இலையில் செய்த எண்ணெயை வரவழைத்தேன். "உங்க வயிறு ஒண்ணும் என் தட்டு இல்லை" என்றாள். குடல் டாக்டரிடம் சொல்ல வைத்தாள். பழைய மாத்திரையை நிறுத்த மாட்டேன் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

வலி விட்டது. பசித்தது. பல வருஷம் கழித்து, படுத்தால் விடியும்வரை தூங்கினேன். அறுபத்துமூவர் திருவிழா அன்று மாட வீதிக் கூட்டத்தில் அவளோடு நின்று, யாரோ நீட்டிய நீர்மோரை வாங்கிக் குடித்தேன். முன்பெல்லாம் அவசரத்துக்கு ஒதுங்க இடமில்லாத அந்தக் கூட்டத்துப் பக்கமே போக மாட்டேன். "குணமாயிடுத்துடி. இனிமே மாத்திரை எதுக்கு?" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சில வாரம் கழித்து, "டெஸ்ட் பண்ணிடலாம். அப்புறம் மாத்திரையைப் பத்திப் பேசுவோம்" என்றாள். குடலில் அழற்சி இருந்தால் மலத்தைச் சோதித்தாலே தெரிந்துவிடும். அந்தச் சின்ன டப்பாவைக் கொண்டுபோக எனக்குக் கூச்சம். பத்து, எச்சில் என்று ஆசாரம் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவள், அதைத் தன் கைப்பையில் வைத்து மடியில் அணைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினாள்.

"இன்னா மேடம், பையில தங்கமா கீது? இப்டி புடிச்சிக்கினு வர்றீங்க" என்றாராம் டிரைவர்.

"அதைவிட ஒசத்தி" என்றாளாம் இவள்.

ரிப்போர்ட் வந்தது. அழற்சி கொஞ்சமும் குறையவில்லை. எண்ணெய் வலியை மட்டும் அடக்கியிருக்கிறது, புண் ஆறவில்லை, இனி ஊசி மருந்துதான் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தேன். எனக்கு ஆத்திரம், யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"அப்போ நான் நன்னா இருந்ததெல்லாம் பொய்யா?"

"இல்லை. நன்னா இருந்தேள், அது நிஜம். உள்ளே புண் அப்படியே இருக்கு, அதுவும் நிஜம்." ரிப்போர்ட்டை மடித்து வைத்தாள். "வலி போனதாலேயே புண் போயிடுத்துன்னு சொல்ல முடியாதுன்னு நேக்கு மொதல்லயே தெரியும். அப்பவே டெஸ்டுக்குக் கொடுத்திருக்கணும்."

"ஏன் கொடுக்கலை?"

புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க ராத்திரியெல்லாம் நிம்மதியாத் தூங்கிண்டிருந்தேள்" என்றாள்.