பரா அண்ணை தேடிய கடைசிச் சரணம்

டோர்ட்மண்டில் நான் வேலைசெய்யும் பேக்கரியில் சென்ற வாரம் காலை வியாபாரம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது பரா அண்ணையின் மனைவி ராணி அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, அண்ணை போயிட்டார்.”

“ஓம் அக்கா,” என்றேன். முன்னால் நின்ற பெண்மணி கேட்ட பாண் ரொட்டியை வெட்டிக் கொடுத்தேன். அவர் சொன்ன நன்றிக்கும் தலையாட்டினேன்.

பரா அண்ணையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பரமேஸ்வரன் என்பது முழுப்பெயர். யாழ்ப்பாணத்தில் வயலின் படித்தவர். அகதியாக டோர்ட்மண்டுக்கு வந்து, லிப்ட் திருத்தும் தொழிலுக்கு அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சியை முடித்து, ஓய்வுபெறும்வரை அந்த வேலையையே செய்தார்.

பிறகு பல ஆண்டுகள் அவர் விடாமல் தேடித் திரிந்த ஒரு பாட்டும் அவருக்கு லிப்டுக்குள்தான் கிடைத்தது. ஒரு குடியிருப்பில் லிப்ட் இடையில் நின்றுவிட, உள்ளே அகப்பட்ட மோரா என்ற ஐரிஷ் பெண்மணி பயத்தைப் போக்கப் பாடிக்கொண்டிருந்தார். வெளியே நின்ற அண்ணை கதவைத் திறந்ததும் மன்னிப்புக் கேட்கவில்லை, “அது என்ன பாட்டு?” என்றுதான் கேட்டார். மோரா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அது ஒரு கிளர்ச்சிப் பாட்டு. தோற்றுப்போன எழுச்சியில் பிடிபட்ட ஓர் இளைஞனைத் தூக்கிலிடுகிறார்கள். கடைசிச் சரணத்தில் அவனுடைய தாய், இன்னொரு மகன் இருந்தால் அவனையும் தருவேன் என்று பெருமையோடு சொல்கிறாள். மோரா பாட, அண்ணை வயலின் வாசிக்க, அவர் இழுத்துவந்ததால் நான் மிருதங்கத்தோடு போய்ச் சேர்ந்தேன். ஐரிஷ் மதுச்சாலை ஒன்றில் மூவரும் அடிக்கடி வாசித்தோம்.

ஒருநாள் அண்ணை வீட்டில் ஒத்திகை. அண்ணை வரிகளைத் தமிழில் விளங்கப்படுத்தினார். ராணி அக்கா தேத்தண்ணித் தட்டோடு நின்று கேட்டார். அவருடைய ஒரே தம்பி போரின் கடைசி மாதங்களில் காணாமற்போனவர்.

“அந்தத் தாய் அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டா,” என்றார் அக்கா.

“பாட்டிலை அப்பிடித்தான் இருக்கு.”

“அப்ப அதை ஆரோ ஆம்பிளை எழுதியிருப்பான்.”

அண்ணை வயலினைக் கீழே வைத்துவிட்டார். அன்று தொடங்கிய தேடல் பல ஆண்டுகள் நீடித்தது. விடுமுறைகளில் மோராவோடு நாங்கள் அயர்லாந்துக்குப் போனோம். ஊருக்கு ஊர் பாட்டு மாறியது. ஓரிடத்தில் அவனைக் காட்டிக்கொடுத்தவன் அயலவன், இன்னோரிடத்தில் கூடப்பிறந்தவன். கடல் கடந்து போனவர்கள் கொடியும் வெற்றியும் சேர்த்துப் பாடினார்கள். மெட்டு பாட்டைவிடப் பழையது, கடலில் மாண்டவர்களுக்கான ஒப்பாரியிலிருந்து எடுத்தது என்றார் ஒரு பாடகர். சந்தைகளில் தாளில் அச்சடித்து விற்றவர்கள்தான் பெருமைச் சரணத்தைச் சேர்த்திருப்பார்கள் என்றார் இன்னொருவர்.

மேற்குக் கரையில் ஒரு மூதாட்டி பாடியதில் பெருமையே இல்லை. தாய் சிறைவாசலில் நின்று மகனின் உடலைத் தரும்படி கேட்கிறாள். அந்தக் கேள்வியோடு பாட்டு முடிகிறது.

“இதுதான் முதல் பாட்டோ அண்ணை?” என்று கேட்டேன்.

“சொல்லேலாது தம்பி. ஆராலும் சொல்லேலாது. ஆனா இதை ஆரும் கற்பனையிலை எழுதியிருக்க மாட்டினம்.”

திரும்பி வந்ததும் அக்காவுக்குப் பாடிக் காட்டினார். “அந்தத் தாயிட்டை உடம்பைக் குடுத்தாங்களோ?” என்று கேட்டார் அக்கா.

“பாட்டிலை இல்லை, ராணி.”

உடல் கொடுக்கப்படும் ஒரு சரணத்தைத்தான் அண்ணை அதன்பிறகு தேடினார். கிடைக்கவில்லை. “ஆளாளுக்கு மாற்றியிருக்கிறார்கள், நீங்களும் ஒன்று எழுதுங்களேன்,” என்றார் மோரா. அண்ணை மறுத்துவிட்டார். “நான் எழுதினா ராணிக்குப் பொய் சொன்ன மாதிரி ஆகிடும்,” என்று என்னிடம் சொன்னார்.

பிறகு குரல்வளையில் புற்றுநோய் வந்தது. அறுவைச் சிகிச்சையில் குரல் போனது. வைத்தியசாலையில் மோராவும் நானும் கட்டிலருகே இருப்போம். அவருடைய உதடுகள் அசையும். என்ன கேட்கிறார் என்று விளங்காது. தண்ணியா அண்ணை, தலையணையா அண்ணை என்று மாறி மாறிக் கேட்போம். கடைசியில் அவரே களைத்துப்போய் என் கையைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த வாரங்களில் எங்களால் அவருக்குச் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

தகனச்சாலையில் பெட்டி திறந்திருந்தது. எந்த முடிவைப் பாடுவது என்று மோரா என்னைப் பார்த்தார். நான் ராணி அக்காவைப் பார்த்தேன்.

“அந்தத் தாய் கேக்கிறதோடை நிப்பாட்டச் சொல்லுங்கோ தம்பி,” என்றார் அக்கா.

மோரா அப்படியே பாடி நிறுத்தினார். மண்டபத்தில் இருந்த பலருக்கு அந்த மொழி தெரியாது. பாட்டு முடிந்துவிட்டதா என்றும் தெரியவில்லை. ஒருவரும் அசையவில்லை.

அக்கா எழுந்து பெட்டியருகே போனார். அண்ணையின் சட்டைக் கழுத்தைச் சரிசெய்தார். நெற்றியில் கை வைத்தார். நேரம் முடிந்துவிட்டது என்று ஊழியர் மெல்லச் சொல்லியும் கையை எடுக்கவில்லை.

“என்ரை தம்பியைத்தான் காணேல்லை,” என்றார், யாரிடமும் அல்லாமல். “இவரையாவது தொட்டு அனுப்புறன்.”

அவரை விலக்கிக் கூட்டிவர எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் நின்றேன். அமைதியாகப் போங்கள், அண்ணை.