பாத்ரூம் சுவரில் ஒரு கம்பி

லேசான பக்கவாதம் வந்து தன் இடது கால் இழுக்கத் தொடங்கியபோது, பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டீல் கம்பி போடச் சொன்னாள் என் மனைவி. கிழக்குத் தாம்பரத்தில் தெருவுக்கு ஒரு வெல்டிங் பட்டறை. ஒரு போன் போட்டிருந்தால் மறுநாளே வந்து மாட்டியிருப்பார்கள். எனக்குத்தான் திமிர். "நானே பண்றேன்" என்றேன்.

ரிட்டயரான நாளிலிருந்து டிக் வெல்டிங் கற்றுக்கொள்ள ஆசை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மெஷின் ஒன்றைப் பேரம் பேசி வாங்கினேன். டார்ச் அடுத்த வாரம், ரெகுலேட்டர் அதற்கடுத்த வாரம். பற்றவைக்கும் இடத்தில் காற்றுப் படாமல் மூடிக்காக்கும் ஆர்கான் கேஸுக்குச் சின்ன சிலிண்டர் வாடகைக்குக் கிடைத்தது. சேர்ப்பதிலேயே ஒரு மாதம் ஓடிவிட்டது. "கம்பி எப்பங்க வரும்?" என்று கேட்பாள். "அவசரப்பட்டா எப்படி?" என்பேன். கால் அவளுடையதுதானே, எனக்கென்ன அவசரம்.

சித்திரை வெயிலில், ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து பற்றவைத்தேன். ஒவ்வொரு முறையும் அந்த இடம் கறுத்து, பொடிப்பொடியாக ஓட்டை விழுந்தது. தட்டினால் பெயர்ந்து வந்தது. மெஷினைத் திட்டினேன். அதை விற்றவனைத் திட்டினேன். கேஸில் கலப்படம் என்று சிலிண்டர் கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன்.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "சார், பக்கத்துல ஃபேன் ஓடிகினு இருந்துச்சா?" என்றார்.

ஓடியது. எனக்கு வேர்த்து ஊற்றுகிறதே என்று மனைவிதான் டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள்.

"காத்து கேஸை அடிச்சிகினு பூடும் சார். அப்பால வெல்டு எங்க நிக்கும்?"

வீட்டுக்கு வந்து அவளிடம் குதித்தேன். "பத்து நாள் உழைப்பு உன்னால பாழாப்போச்சு." அவள் ஃபேனின் ஒயரைப் பிடுங்கினாள். மறுநாள் காலை பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளிடம் கேட்டார். "பாத்ரூம்ல பிடிச்சுக்க ஒண்ணும் இல்லையாம்மா?"

"கம்பி இருக்கு டாக்டர். இவரே செஞ்சு போட்டாரு. நான்தான் பிடிக்காம விட்டுட்டேன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கேவலமாக இருந்தது.

அன்று மதியமே மகளை அவளருகில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, காற்றில்லாத மூலையில் உட்கார்ந்து பற்றவைத்தேன். ஒரு மணி நேர வேலை. பாவி வெல்டு, அன்றைக்குப் பார்த்து அவ்வளவு அழகாக வந்தது. சுவரில் மாட்டி, என் முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. வந்து பிடித்துக்கொள்வாள் என்றுதான் நம்பினேன். படுக்கையிலேயே நெஞ்சில் சளி கட்டி, பன்னிரண்டாம் நாள் போய்விட்டாள்.

காரியத்துக்கு வந்திருந்த அவள் அண்ணன், பாத்ரூமுக்குப் போய்விட்டு வந்து என் தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"இவ்ளோ கெட்டியா கம்பி போட்டுக் குடுத்திருக்கீங்க மாப்ளே. பிடிக்காம விட்டுட்டாளே."

"ஆமா மச்சான்" என்றேன்.