தூங்காத கண்

தொழிற்சாலையில் அவருக்கு ‘சேஃப்டி சார்’ என்றுதான் பெயர். காலை ஷிப்டுக்கு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திக் கண்ணைப் பார்ப்பார். தூங்காத கண் என்று தெரிந்தால் மெஷின் பக்கமே விடமாட்டார். “போய்த் தூங்கு. மெஷின் காத்திருக்கும், கை திரும்ப முளைக்காது” என்பார். இந்த வசனத்தில் அவருக்கே ஒரு மயக்கம். சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி அவர்களுக்கும் மனப்பாடம்.

மாமியாருக்கு ஆபரேஷன் என்று மனைவி கிளம்பியபோது, அடுத்த தெருவில் இருக்கும் சாரின் அக்காவை வரச்சொல்லலாமா என்று கேட்டாள். சாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு தொழிற்சாலையையே காப்பாற்றுகிறவனுக்கு இரண்டு வயது வாண்டைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா? மேஜை முனைக்கெல்லாம் ரப்பர் ஒட்டினார். மருந்துகளைப் பூட்டினார். மாடியில்தான் வீடு, படிக்கட்டின் மேல்முனையில் ஒரு குட்டிக் கதவைப் பொருத்தி, தள்ளி நின்று ரசித்தார்.

மகளுக்குக் கடைவாய்ப்பல் முளைத்தது. இரவெல்லாம் அழுகை, பகலெல்லாம் காப்பகம், ஷிப்ட், சமையல், துவையல். ஒருநாள் தன் டீ பிளாஸ்க்கைக் காப்பகத்தில் கொடுத்துவிட்டு, பால் பாட்டிலோடு வேலைக்குப் போனார். அதற்கும் பையைத்தான் குறை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை, கீழே துவைத்த துணிகளை இரண்டு வாளியில் தூக்கி வந்தார். கையில் இடமில்லை, குட்டிக் கதவைத் தாழ்போடவில்லை. சோபாவில் சும்மா ஒரு நிமிஷம் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

விழித்தபோது வீட்டில் சத்தமே இல்லை. படிக்கட்டுக்கு ஓடினார். பாதிப் படியில் மகள் நின்றிருந்தாள். அவருடைய மஞ்சள் ஹெல்மெட் மூக்குவரை இறங்கி அவள் கண்ணை மறைத்திருந்தது. ஒரு கால் அடுத்த படியைத் தேடித் துழாவியது. கூப்பிட்டால் திரும்பி விழுந்துவிடுவாள். தொழிற்சாலையையே காப்பாற்றுகிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகச் சறுக்கி இறங்கி அவளை அள்ளினார்.

அள்ளியதும் பொங்கி வந்தது கோபம். அடிக்கக் கையை ஓங்கினார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மகள் சிரித்தாள். ஓங்கிய கை வெடவெடவென்று நடுங்கியது. இப்படி ஒரு கையோடு எவனாவது வந்திருந்தால் வாசலைத் தாண்ட விட்டிருப்போமா என்று தோன்றியது. படியிலேயே உட்கார்ந்து அழுதார். வெட்கமாகத்தான் இருந்தது, நிறுத்த முடியவில்லை.

பிறகு போனை எடுத்தார்.

“அக்கா, என்னால முடியல. நீ வா.”

அக்கா போட்டது போட்டபடி ஓடிவந்தாள். நாலு வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத் தம்பி வாசலில் நின்றார். அவள் திட்டவில்லை. குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவருடைய கண்ணைப் பார்த்தாள்.

“போய்த் தூங்குடா. மத்ததெல்லாம் காத்திருக்கும்.”

வசனத்தின் மீதியைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. குழந்தையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.