முதல் பிளா யாருக்கு?

நான் மூன்றாம் வகுப்புவரைதான் படித்தவன். ஆனாலும் துறைமுகத்தில் மூட்டை சுமந்து கல்வீடு கட்டினேன், ஓட்ட ஒரு வானும் வாங்கினேன். திருகோணமலையில் தொடங்கி, கிண்ணியா, மூதூர் கடற்கரைகளைக் காட்டி, கிளிவெட்டிப் பக்கத்துப் பனந்தோட்டத்தில் கள்ளோடு முடியும் ஒருநாள் சுற்றுலாவையும் நானே உருவாக்கினேன்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்களைக் கூட்டி வந்தவர்தான் கள் ஊற்றிய முதல் பிளாவை, அந்தப் பனையோலைக் குவளையை, வாங்கி வாய் வைக்க வேண்டும். பிறகுதான் விருந்தாளிகளுக்கு ஓலைப் பிளாக்களில் ஊற்றுவார்கள். நான் வான் ஓட்டுபவன் என்பதால் உதட்டை மட்டும் நனைப்பேன்.

ஆங்கிலம் பேசுவாரே என்று மருமகனைச் சேர்த்துக்கொண்டேன். "இவர் என்ர ஆள்" என்று தோட்டத்தில் சொல்லியும் வைத்தேன். அதுதான் நான் விட்ட பிழை.

போன மாதம், கள் இறக்கும் சீவல்காரர் என்னிடம் நீட்டிய பிளாவை மருமகன் இடையில் வாங்கினார்.

"தம்பி, அது மாமாவுக்கெல்லோ!"

"மாமா டிரைவர், அண்ணை. குடிக்க ஏலாது. இது என்ர டூர்."

"அப்ப மாமாவைக் கூலிக்கோ பிடிச்சனீர்?" என்றார் சீவல்காரர்.

இப்போது வானை வேறொருவர் ஓட்டுகிறார். நான் முன் இருக்கையில் போய், முதல் பிளாவை நானே வாங்குகிறேன். யாரையும் என் ஆள் என்று சொல்வதில்லை. இந்தச் சுற்றுலாவுக்கு மருமகன் அச்சடித்த விளம்பரத்தில் மட்டும் இன்னும் அவர் படம்தான் இருக்கிறது. அந்த வழியைத் திறந்தவன் நான். என் பெயரையும் அதில் போடட்டும்.