ஆலங்கன்றுக்கு ஆகாத மண்

அந்த மாரி முழுக்கக் காலையில் எழும்பியதும் நான் செய்த முதல் வேலை, ஆலங்கன்றின் சட்டியடியில் விழுந்து கிடந்த மஞ்சள் இலைகளைப் பொறுக்கி வீட்டுச் சட்டைப் பைக்குள் ஒளித்ததுதான். என் மனுசன் எழும்பி வருவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும். அவர் கண்ணில் ஓர் இலை பட்டாலும் போதும், அன்றைக்கு அவருக்குத் தேத்தண்ணீர்கூட இறங்காது. பொறுக்கிய இலைகளைக் குசினி அடுப்புக்குள் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காதவள்போலத் தேங்காய் துருவ உட்காருவேன்.

ஒரு கன்றுக்கு இத்தனை பாடா என்று கேட்பீர்கள். நான் பூக்கன்று விற்கிறவள். தண்ணீரூற்று என்கிற ஊரில் நாங்கள் இருக்கிற வாடகை வீட்டின் முன்வளவில் செவ்வரத்தையும் கடதாசிப்பூவும் பைகளில் வைத்து விற்கிறேன். சில காலமாக, மரத்தைச் சட்டிக்குள் குறுக்கி வளர்க்கிற பொன்சாயும் செய்கிறேன். எத்தனையோ கன்று என் கையில் செத்திருக்கிறது. தூக்கிக் குப்பைக் கிடங்குக்குள் எறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கிறேன். இந்த ஆலை அப்படி எறிய முடியாது. அது எங்கள் கிணற்றுக் கட்டில் முளைத்தது.

எங்கள் கிணறு, வளவு, வளவோடு ஒட்டின வயல் எல்லாம் இன்னும் ஆமி முகாமுக்குள்தான் இருக்கின்றன. பஸ்ஸில் ஏறினால் கொஞ்சத் தூரம்தான். போய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். ஒருமுறை, பக்கத்துக் கோயிலில் பொங்குவதற்கென்று ஒரு பகல் மட்டும் உள்ளே விட்டார்கள். வீடு இல்லை. எந்த இடத்தில் குசினி இருந்தது என்று நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடிக்கிற அளவுக்கு வெறும் வெளி. கிணறு மட்டும் நின்றது. அதன் கட்டு வெடிப்புக்குள் ஓர் ஆல், அடிமரம் மணிக்கட்டு மொத்தத்தில் பருத்து, உயரம் என் முழங்காலுக்கும் வராமல் குந்தியிருந்தது. பொன்சாய் செய்கிறவள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்! பொங்கல் அகப்பைக் காம்பால் வெடிப்பை நோண்டி, வேர் அறாமல் எடுத்தேன்.

அந்த நேரம் அவர் வயல் மூலையில் குந்தியிருந்து ஒரு சொப்பிங் பைக்குள் மண் அள்ளிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா செய்யிறியள்?" என்றேன்.

"மரத்துக்கு," என்றார்.

மரத்துக்கு மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும். மேலே ஒரு சொல் கேட்டால் அழுதுவிடுவார் என்று விட்டுவிட்டேன். வெளியே வரும்போது வாசலில் காவலுக்கு நின்றவர் பைக்குள் விரலை விட்டுக் கிண்டினார். பறித்துக் கொட்டப்போகிறார் என்றே நினைத்தேன். கடைசியில் வெறும் மண்தானே என்பதுபோலக் கையை விசுக்கி எங்களைப் போகச் சொன்னார்.

ஆலங்கன்றை நிலத்தில் வைக்க வழியில்லை. குடியிருக்கிற வளவில் ஆல் வைக்க ஒருவரும் சம்மதிக்கமாட்டார்கள், அதுவும் வாடகை வீட்டில். வேர் போய் அத்திவாரத்தைத் தூக்கிவிடும். காணி முகாமிலிருந்து விடுபட்டால் திருப்பிக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆகவே சட்டிதான், ஆழமில்லாத பொன்சாய்ச் சட்டி. நான் செங்கல் துண்டும் கிறவல் கல்லும் பருமணலும் ஒரு பிடி மக்கின எருவும் சேர்த்துக் கலக்கத் தொடங்கினேன். அவர் வந்து பார்த்தார். சொப்பிங் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இதுக்குள்ள வை."

"உது வயல் மண் அப்பா, களி. சட்டிக்குச் சரிவராது."

"எங்கட நெல்லு விளைஞ்ச மண், ஒரு கன்றுக்குச் சரிவராதோ?"

நெல் செய்த மனுசனிடம் இதைக் கதைத்து வெல்ல முடியுமா? அவருக்கு நல்ல மண் என்றால் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிற மண். பொன்சாய்க்கு அது நேர்மாறு. ஊற்றின தண்ணீர் ஊற்றின கையோடு அடித்துளையால் ஓடிவிட வேண்டும். வேர் நனைய வேண்டும், ஆனால் தண்ணீருக்குள் நிற்கக்கூடாது. மண் துணிக்கைகளுக்கு நடுவே காற்றுப் போக இடம் வேண்டும். "வயலில தண்ணி இறங்கிப் போகக் கீழ பூமி கிடக்கு. சட்டிக்குக் கீழ என்ன கிடக்கு? மேசை!" என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். அன்றைக்கு அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு மேலும் வாதாட எனக்கு மனம் வரவில்லை. மரமும் மண்ணும் சேர்ந்து இருக்கட்டுமே என்ற ஆசை எனக்கும் இருந்தது. வைத்தோம்.

வெயில் காலத்தில் அந்த மண் கல்லாக இறுகியது. தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் ஓரத்தால் வழிந்தது. நான் தென்னை ஈர்க்கால் குத்திக் குத்தி ஊற்றினேன். மரமும் எப்படியோ பொறுத்துக்கொண்டது. அவர் கதிரையை அதற்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். காணி விடுபடுகிற பட்டியலில் எங்கள் பக்கம் இல்லை என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்த மனுசன், இந்த மரம் வந்த பிறகுதான் சவரம் செய்யத் தொடங்கினார். காணியைத் திருப்பிக் கேட்டு மாதத்துக்கு ஒருமுறை நடக்கிற காணிக் கூட்டத்துக்கும் திரும்பப் போகத் தொடங்கினார். பக்கத்து வளவு அக்கா வந்து, "ஆலைக் குறுக்கி வைச்சா குடும்பம் குறுகுமாம்" என்று எங்களைப் பயமுறுத்தினா. அதற்கு அவர், "நாங்கள் ரெண்டு பேரும் ஒரு அறையும்தான் அக்கா, இனி எங்க குறுக?" என்று சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

அதனால்தான் மாரி தொடங்கி இலை மஞ்சளானபோது எனக்கு உயிர் போய் வந்தது. மழை விடாமல் கொட்டியது. சட்டியைத் தாழ்வாரத்துக்கு இழுத்து வைத்தேன். காற்றே ஈரமாக இருந்தால் மண் எங்கே காயும்? மேலே விரலை விட்டால் கூழ். அடித்துளைக்குள் ஈர்க்கை விட்டால் கறுப்புச் சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. காலையும் மாலையும் விரலை விட்டுப் பார்ப்பேன், பிறகு விரலை முகர்ந்து பார்ப்பேன். குசினிக்குள் நின்றாலும் காது தாழ்வாரத்தில்தான். இலை விழுகிற சத்தம் மனுசருக்குக் கேட்குமா? எனக்குக் கேட்டது என்றே சொல்வேன். மரம் செத்தால் மனுசன் திரும்பவும் போய்ச் சுவர்ப்பக்கம் படுத்துவிடுவார், இந்தமுறை எழும்பமாட்டார் என்ற நினைப்பு என்னைத் தின்றது.

ஒரு மத்தியானம் மழை சற்று விட்டிருந்தது. சட்டியைத் தூக்கி அடித்துளையில் மூக்கை வைத்தேன். அழுகல் மணம் வந்தது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு மண் மாத்தாட்டி மரம் போயிடும்."

"மாத்தினா மண் போயிடும்," என்றார் அவர்.

"மண் எங்க போகுது? அள்ளிக் கட்டி வையுங்கோ."

"மரம் அந்த மண்ணில நிக்கவேணும். இல்லாட்டி அது ஆர்ர மரம்?"

எனக்கு விசர் வந்துவிட்டது. "சொந்த மண்ணாவது மண்ணாங்கட்டியாவது! வேர் அழுகுது எண்டு சொல்லுறன், நீங்கள் விசர்க்கதை கதைக்கிறியள்!"

ஒழுங்கையால் போனவர்களுக்கும் அது கேட்டிருக்கும். அவர் எழும்பிக் கேற்றடிக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஐயோ, வாயால் எதைக் கொட்டிவிட்டேன்! ஆனாலும் மன்னிப்புக் கேட்கப் போனால் மரத்துக்கு நேரம் போய்விடும். சட்டியை நிலத்தில் வைத்து வேலையைத் தொடங்கினேன்.

கலவை ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. பக்கத்து வளவு அக்கா பழைய குசினியை இடித்தபோது கேட்டு வாங்கின செங்கலைச் சுத்தியலால் உடைத்து, அரிதட்டில் அரித்து வைத்திருந்தேன். மா அரிக்கும்போது மாவை எடுத்துக் கட்டியை எறிவோம். இந்த வேலையில் கட்டியை எடுத்து மாவை எறிய வேண்டும். அந்தத் தூள் ஒரு பிடி சேர்ந்தாலும் அது போய் அடியில் படிந்து துளையை அடைத்துவிடும். துளைக்கு மேலே போட நுளம்பு வலையில் ஒரு துண்டும் வெட்டி வைத்திருந்தேன்.

சட்டியைக் கவிழ்த்ததும் மண் ஒரே கட்டியாகச் சட்டியின் வடிவத்திலேயே வந்தது. விரலால் உதிர்க்க உதிர்க்க உள்ளே வேர்கள் கறுப்பாகக் கிடந்தன. தொட்டால் தோல் கழன்று கையோடு வந்தது. முழுவதும் போய்விட்டதா? அடிமரத்தோடு ஒட்டின இடத்தில் நாலைந்து வேர் மட்டும் வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. அப்பாடா என்று சொல்லவும் பயமாக இருந்தது. மிச்சத்தைக் கழுவிப் பார்த்தால்தான் எது உயிர், எது அழுகல் என்று தெரியும். வாளித் தண்ணீரைக் கையில் எடுத்தேன்.

"பொறு!"

அவர்தான். கேற்றடியிலிருந்து ஓடிவந்தவர் குசினிக்குள் புகுந்து, உடுப்புத் தோய்க்கிற பெரிய பேசினைத் தூக்கிவந்து வேருக்குக் கீழே வைத்தார். "இப்ப ஊத்து," என்றார். நான் ஊற்ற ஊற்ற, மண் கரைந்து அந்தப் பேசினுக்குள் விழுந்தது. ஒரு துளி வெளியே தெறித்தாலும் கையால் வழித்து உள்ளே விட்டார். நான் அழுகின வேரை வெட்டி எறிந்தேன். நான் எறிந்த வேரை அவர் எடுத்து, அதில் ஒட்டியிருந்த மண்ணையும் உருவிப் பேசினுக்குள் போட்டார். பிறகு, நான் கேட்காமலே, மரத்தை நடுச்சட்டியில் நிமிர்த்திப் பிடித்தார். நான் கம்பியால் கட்டி, கலவையைப் போட்டு, ஈர்க்கால் குத்திக் குத்தி வேர் இடுக்கெல்லாம் நிரப்பினேன். ஊற்றின தண்ணீர் அடியால் கலகலவென்று ஓடியது.

பேசினில் சேறு தெளிய விட்டு, மேல் தண்ணீரை மெல்ல வடித்து, அடியில் படிந்ததை அடுப்படியில் பரப்பிக் காயவைத்தார். காய்ந்ததை ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு அலுமாரிக்குள், தன் வேட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். திட்டுத் திட்டாகக் கறுப்பு வேட்டியில் படுமே என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

மிச்சமிருந்த இலையும் கொட்டியது. மரம் மொட்டையாக நின்றது. களியில் இருந்தபோது காயவில்லை என்று பயந்தவள், இப்போது காய்ந்துவிடும் என்று பயந்தேன். தண்ணீர் நிற்காத மண் என்றால் ஒரு வெயிலுக்கே வேர் வறண்டுவிடலாம். இடையிடையே ஓடிப்போய் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்ப்பேன். உள்ளே பச்சை தெரிந்தால் அடுத்த வேலைக்குப் போவேன். "என்ன மாதிரி?" என்று அவர் ஒவ்வொரு காலையும் கேட்பார், ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளியே நின்று கேட்பதுபோல. "கிடக்கு," என்பேன். வேறென்ன சொல்ல?

தைப் பனி விழத் தொடங்கின ஒரு காலையில், கொப்பு நுனியில் சிவப்பாக ஒரு குருத்து நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "வாங்கோ, ஓடி வாங்கோ!" என்று கத்தினேன். அன்றைக்குக் காணிக் கூட்டம். அவர் சேட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர், பொத்தான் பூட்டாமலே வந்து குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சிரிப்பார் என்று அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப எங்கட மண் இல்லாமலும் இது பிழைக்கும், என்ன," என்றார்.

பிறகு கதிரையில் உட்கார்ந்தார். சேட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கூட்டத்துக்குப் போகேல்லையோ?"

"போய் என்ன?"

அந்த மாரி முழுக்க நான் பயந்தது மரம் செத்துவிடும் என்று. மரம் பிழைத்தால் என்ன நடக்கும் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. இலை கொட்டினபோதுகூட வராத ஒரு பயம் அப்போது வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"மரம் சட்டிக்குள்ள இருக்கும் அப்பா, அதுக்குக் காணியும் தெரியாது, காணி உறுதியும் தெரியாது. செங்கல் துண்டிலயும் இருக்கும். நான் அப்பிடி இருக்கமாட்டன். எழும்புங்கோ!"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் வீட்டுச் சட்டையைக் கழற்றிச் சீலை உடுத்தேன். காணிக் கூட்டத்துக்கு நான் ஒருநாளும் போனதில்லை. காணி உறுதிப் பத்திரத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, அவர் சேட்டுப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு கேற்றடியில் நின்றார்.

"பஸ் வரப்போகுது, கெதியா வா," என்றார்.